நூலகத்துக்குப் போக முதல் எழுதவேண்டிய ஒரு தாள்

கம்பஸில் முதல் ஒப்படை கையில் கிடைத்த அன்று நான் செய்த காரியத்தை ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு பிள்ளை திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. தலைப்பை ஒருதரம் வாசித்தேன். நேரே நூலகத்துக்குப் போனேன். தலைப்பில் இருந்த சொல் எந்தெந்தப் புத்தக அட்டையில் இருந்ததோ அத்தனையையும் எடுத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தேன். இருநூறு பக்கத்துக்கு மேல் வந்தது. அதைச் சயிக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அறைக்கு வந்தபோது பாதி வேலை முடிந்ததுபோல ஒரு நிம்மதி. இரண்டு கிழமை கழித்தும் அந்தக் கட்டு மேசைக்குக் கீழே அப்படியே கிடந்தது. கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது. என்ன எழுதுவதென்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் எப்படியோ பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முதற்பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரேயொரு வரி இருந்தது: "கேட்டது காரணம், எழுதியது தீர்வு."

அந்தப் பதினொரு பக்கத்தில் பிழையான தகவல் என்று ஒன்றும் இருக்கவில்லை. வாசித்ததெல்லாம் சரி, எழுதியதும் சரி. கேள்வி ஒரு பக்கம் நின்றது, நான் இன்னொரு பக்கம் போய்விட்டேன், அவ்வளவுதான். தேடத் தொடங்க முதல் ஒரு மணித்தியாலம் வெறுந்தாளோடு இருந்திருந்தால் இது நடந்திராது. அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வதென்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கலைப்பீடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்றப் பீடத்தாருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

உயர்தரத்தில் கட்டுரை எழுதாமல் யாரும் இங்கே வரவில்லை. ஆனால் அங்கே திட்டமிடுகிற வேலையை இன்னொருவர் முடித்து வைத்திருந்தார். எந்தக் கேள்வி வரும், அதற்கு எத்தனை புள்ளி எழுதவேண்டும், எது முதலில் வரவேண்டும் என்றெல்லாம் ரியூசன் சேர் யோசித்துக் குறிப்பாகத் தந்தார். நாங்கள் பாடமாக்கினோம், பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்தோம். பல்கலைக்கழகத்தில் அந்தக் குறிப்பு இல்லை. அதனால் பிள்ளைகள் புத்தகத்தையே குறிப்பாக நினைத்து அதிலிருந்து இறக்கப் பார்க்கிறார்கள். புத்தகம் எழுதியவர் உங்கள் கேள்விக்கு விடை எழுதவில்லை. தன்னுடைய கேள்விக்குத்தான் எழுதினார். ரியூசன் சேர் செய்த வேலையை இனி நீங்கள்தான் செய்யவேண்டும்.

எங்கள் ஊர்களில் வீடு கட்ட முதல் நிலையம் எடுப்பார்கள். கிணறு எந்த மூலை, அடுப்படி எந்தப் பக்கம், வாசல் எங்கே என்று வெறுங்காணியில் நின்று தீர்மானித்த பிறகுதான் கல்லும் சீமெந்தும் வரும். பத்து லோட் கல்லைக் காணி நிறையப் பறித்துவிட்டு, அதற்கு நடுவில் நின்று வாசல் எங்கே வைக்கலாம் என்று யோசிப்பவரைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். போட்டோக்கொப்பிக் கட்டோடு இருந்த நானும் அந்த ஆள்தான்.

கேள்வியை வெட்டிப் பார்ப்பது

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் மாசடைதலில் விவசாயத்தின் பங்கை மதிப்பிடுக." புவியியல் படிக்கிற ஒரு தங்கச்சி இதைக் கொண்டுவந்து, "அக்கா, இது லேசான தலைப்பு. கிணத்துத் தண்ணியைப் பற்றித்தானே" என்றாள். நான் அவளிடம் ஒரு பேனையைக் கொடுத்து, "முதல்ல 'பங்கு' எண்ட சொல்லுக்குக் கீழ கோடு கீறு" என்றேன்.

கேள்வியைத் தாளின் நடுவில் பெரிதாக எழுதுங்கள். பிறகு நாலு விடயத்தைத் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது கட்டளைச் சொல். "விவரிக்க" என்றால் எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன், எப்படி என்பது வேண்டும். "ஒப்பிடுக" என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்கவேண்டும். "மதிப்பிடுக" என்றால் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கடைசியில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் எத்தனை பக்கம் எழுதினாலும் கேள்விக்கு விடை எழுதியதாகாது.

இரண்டாவது, பொருள். "மாசடைதல்" என்றால் எது? உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றா, மலசலகூடக் குழியிலிருந்து வரும் கிருமியா, கழிவு எண்ணெயா? கூட இறைத்ததால் தண்ணீர் சவர் ஆகிறதே, அது மாசடைதலா? இதற்கு ஒரே ஒரு சரியான விடை கிடையாது. நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று முன்னுரையில் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டால் சரி. சொல்லாமல் நடுவில் மாற்றினால்தான் புள்ளி போகும்.

மூன்றாவது, எல்லை. குடாநாடு என்றால் தீவகம் சேருமா? காலம் எது? கேள்வியில் காலம் இல்லை. ஆகவே நீங்களே வைக்கவேண்டும். துலாவும் சூத்திரமும் போய் மோட்டார் இறைப்பும் இரசாயன உரமும் வந்ததற்குப் பிறகு என்று வைத்தால் கேள்வியோடு நன்றாகப் பொருந்தும்.

நாலாவதுதான் பலருக்குச் சறுக்குகிற இடம்: கேள்வி எதைக் கேட்கவில்லை? தீர்வு கேட்கவில்லை. தாளின் ஒரு மூலையில் பெட்டி கீறி "வேண்டாம்" என்று தலைப்பிட்டு, மழைநீர் சேகரிப்பு, இரணைமடுத் தண்ணீர், தாளையடிக் கடல்நீர்த் திட்டம் எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். அவை நல்ல விடயங்கள், சுவாரசியமானவை, இணையத்தில் நிறையக் கிடைப்பவை. அதனால்தான் ஆபத்தானவை. என் பதினொரு பக்கத்தில் ஏழு பக்கம் அந்தப் பெட்டிக்குள் கிடக்கவேண்டியது.

வாசிக்காமல் எழுதும் பத்து நிமிடம்

அடுத்ததாக, போனைத் தூரத்தில் வைத்துவிட்டு, இந்த விடயத்தில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். வசனம் ஒழுங்காக வரவேண்டியதில்லை. பேச்சுத்தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, இதை யாரும் திருத்தப் போவதில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாதே அக்கா" என்றாள் தங்கச்சி. அவளுடைய அப்பா செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்பவர். பத்து நிமிடத்தில் அரைப்பக்கம் வந்தது. வெங்காயத்துக்கு எத்தனை தரம் யூரியா எறிகிறார்கள். தோட்டக் கிணறும் குடிக்கிற கிணறும் ஒன்றுதான். ரவுண் பக்கத்தில் இருக்கிற மாமி வீட்டில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஒரு முருங்கை மரம்தான் நிற்கிறது. வேலணையில் பெரியம்மா வீட்டுத் தண்ணீரில் தேத்தண்ணி நல்லாய் வராது. இந்த அரைப்பக்கத்தை அப்படியே ஒப்படையில் எழுத முடியாது. ஆனால் பாருங்கள், தோட்டம், ரவுண், தீவகம் என்று மூன்று இடமும், உரம், குழி, உவர் என்று மூன்று காரணமும் அதிலேயே வந்துவிட்டன. கட்டுரையின் எலும்பு ஒரு பாட்டத்தில் கிடைத்தது. எழுதி முடித்ததும் நிச்சயமாகத் தெரிந்ததற்குப் பக்கத்தில் சரி போடுங்கள், கேள்விப்பட்டதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறிகள்தான் பிறகு தேடவேண்டியவை.

இதற்குப் பிறகு ஒரு சின்ன முன்வாசிப்பு வேண்டும். ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம், அல்லது ஒரு பொதுவான கட்டுரை போதும். ஆராய்ச்சி இன்னும் தொடங்கவில்லை. களத்தை ஒருதரம் சுற்றி வருகிறோம். இந்தத் தலைப்புக்கு அப்படிச் சுற்றிவந்தால் இவ்வளவும் பிடிபடும்: குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது, வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் பெய்து, சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கித் தேங்குகிறது. அந்த நன்னீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேல் வில்லை மாதிரி மிதக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என்று நாலு பெரிய நீர்தாங்கிகள், அதாவது நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் கற்படைகள், உண்டு. வெடிப்பு நிறைந்த கல் என்பதால் மேலே கொட்டுவது வடிபடாமல் விரைவாகக் கீழே போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். முன்வாசிப்பு ருசிபட்டு இரண்டு நாளாக நீண்டால் மறுபடி கல் பறிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரே வசனத்தில் ஒரு தற்காலிக விடை

இங்கேதான் எல்லாரும் முரண்டு பிடிப்பார்கள். "இன்னும் வாசிக்கேல்ல, அதுக்குள்ள எப்பிடி விடை எழுதுறது?" எழுதலாம். பிழைத்தால் மாற்றலாம். விடை ஒன்று கையில் இருந்தால்தான் வாசிக்கும்போது இது எனக்குச் சாதகம், இது எதிர் என்று பிரிக்கத் தெரியும். இல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் முக்கியமாகத் தெரியும். மஞ்சள் மார்க்கர் முடிந்துவிடும்.

தங்கச்சி முதலில் எழுதியது: "யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் மாசடைவதற்குப் பல்வேறு காரணங்கள் காணப்படுகின்றன." இதை யாராவது மறுப்பார்களா? மாட்டார்கள். யாரும் மறுக்க முடியாத வசனத்தை நிறுவ இரண்டாயிரம் சொல் எதற்கு? இரண்டாவது முறை: "விவசாயமே நிலத்தடி நீர் மாசடைவதற்கு முக்கிய காரணமாகும்." இது பரவாயில்லை, மறுக்கலாம். ஆனால் எங்கே, எந்த மாசு, எவ்வளவு என்று தெரியவில்லை. மூன்றாவது முறை அரை மணித்தியாலம் பிடித்தது:

"வலிகாமத்தின் செம்மண் தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்று மாசுக்கு உரப்பாவனையே முதன்மைக் காரணம், நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிகளும் கரையோரத்தில் உவர் ஏறுவதும் அதைவிடப் பெரிய பிரச்சினைகள், ஆகவே விவசாயத்தின் பங்கு பெரியது, ஆனால் குடாநாடு முழுவதற்கும் ஒரே அளவானது அல்ல."

வசனம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் "எவ்வளவு பங்கு" என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது, கட்டுரையின் பகுதிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். உங்கள் வசனத்தில் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு அனுராதபுரம் என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டு எடுக்கிற ஐந்து தலைப்புச் சட்டகங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் விழும்: அறிமுகம், காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், முடிவு. எந்த ஊருக்கும் பொருந்தும், எந்தக் கேள்விக்கும் விடையாகாது.

தலைப்பு வேண்டாம், வசனம் வேண்டும்

சட்டகம் போடச் சொன்னால் பிள்ளைகள் "1. உரம் 2. பூச்சிகொல்லி 3. கழிவு" என்று எழுதுவார்கள். அது கடைச் சாமான் பட்டியல் மாதிரி. ஒவ்வொரு பகுதிக்கும் முழு வசனம் எழுதுங்கள், அந்தப் பகுதி எதை நிறுவப்போகிறது என்று சொல்லும் வசனம். தாளை நீளவாட்டில் மடித்து இடப்பக்கம் வசனத்தையும், வலப்பக்கம் "இதை நம்பவைக்க என்ன வேண்டும்?" என்பதையும் எழுதவேண்டும். தங்கச்சியின் தாள் இப்படி இருந்தது:

முதலாம் பகுதி. குடாநாட்டு நீர் சுண்ணக்கல்லுக்குள் இருப்பதால் மேலே நடப்பது விரைவாகக் கீழே சேர்கிறது. வேண்டியது: நீர்தாங்கி பற்றிய ஒரு நம்பகமான விளக்கம், ஒரு படம்.

இரண்டாம் பகுதி. தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று, மற்ற இடங்களைவிடக் கூட. வேண்டியது: கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள், எந்த வருடம், எந்த மாதம் எடுத்தவை? மாரிக்கு முன்னா பின்னா? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில ஆய்வுகள் நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும். அப்படியானால் அதே அளவு சுமார் 11. அலகைப் பார்!

மூன்றாம் பகுதி. ஆனால் அந்த நைத்திரேற்று முழுவதும் உரத்திலிருந்து வந்ததல்ல. வேண்டியது: மலசலகூடக் குழி, கிருமி பற்றிய ஆய்வு, தோட்டம் இல்லாத நகர்ப்பகுதிக் கிணறுகளின் அளவு.

நாலாம் பகுதி. உவரும் எண்ணெயும் வேறு கதை. வேண்டியது: கரையோரக் கிணறுகளில் உவர்த்தன்மை, அதில் தோட்ட இறைப்பின் பங்கு, சுன்னாகம் மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய 2019 உயர் நீதிமன்றத் தீர்ப்பு.

ஐந்தாம் பகுதி. எனவே பங்கு இடத்துக்கு இடம் மாறுகிறது. வேண்டியது: புதிதாக ஒன்றும் இல்லை. மேலே உள்ளவற்றை நிறுக்கவேண்டும்.

இரண்டாம் பகுதிக்கு வலப்பக்கம் எழுதப்பட்டதை இன்னொருதரம் பாருங்கள். "நைத்திரேற்று பற்றி வாசி" என்று எழுதியிருந்தால் நூலகத்தில் மறுபடி காடுதான். எந்த மாதத்து மாதிரி, எந்த அலகு என்று எழுதிவைத்ததால், ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திறந்து இரண்டு நிமிடத்தில் அது வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல முடியும். ஒன்றில் 50ஐயும் மற்றொன்றில் 11ஐயும் பார்த்துவிட்டு "மாசு குறைந்துவிட்டது" என்று எழுதுகிற விபத்தும் நடக்காது.

உங்கள் விடைக்கு எதிரான ஒன்றையும் கட்டாயம் தேடல் பட்டியலில் போடுங்கள். தங்கச்சி தானாகவே ஒன்று கண்டுபிடித்தாள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, அந்த வருட நவம்பரில் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டங்களில் உரம் குறைந்தது. உரம்தான் காரணம் என்றால் கிணறுகளில் நைத்திரேற்றும் குறைந்திருக்கவேண்டுமே? அல்லது முன்பு போட்டது மண்ணில் தங்கியிருந்து பிறகும் இறங்குமா? யாராவது அளந்தார்களா? விடை கிடைக்கிறதோ இல்லையோ, கேள்வி நல்ல கேள்வி. என் கொப்பியில் அன்றைக்கே குறித்து வைத்தேன்.

சொல் கணக்கும் நாட்கணக்கும்

இதை நீட்டத் தேவையில்லை. 2000 சொல் ஒப்படை என்றால் முன்னுரைக்கு 150, முடிவுக்கு 200 ஒதுக்குங்கள். மிச்சத்தைச் சமமாகப் பிரிக்கவேண்டாம். மேலே உள்ள திட்டத்தில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில்தான் வழக்கு நடக்கிறது. அவற்றுக்குத் தலா 500 கொடுக்கலாம். சுண்ணக்கல் விளக்கத்துக்கு 250 போதும். படித்ததையெல்லாம் கொட்ட ஆசை வருவது அங்கேதான்.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கொடுக்கவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிரதி எடுத்து முடித்திருக்கவேண்டும். கரண்ட் போகும், பிரின்ரரில் மை முடியும், கடைசி நாள் கடையில் வரிசை நிற்கும். அதற்கு முன் திருத்த இரண்டு நாள், எழுத நாலு நாள், வாசிக்க ஒரு கிழமை. தவணை ஓகஸ்ட் பக்கமாக வந்தால் நல்லூர்த் திருவிழாவையும் கணக்கில் எடுங்கள். இருபத்தைந்து நாளும் போகாவிட்டாலும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் போவீர்கள். போகமாட்டேன் என்று திட்டம் போட்டுவிட்டுப் போவதைவிட, போவேன் என்று திட்டத்திலேயே எழுதுவது நல்லது.

தாளோடு நூலகத்துக்கு

இப்போது போகலாம். வலப்பக்கப் பட்டியலை எந்த இடத்தில் எது கிடைக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்குத் திருநெல்வேலியில் எங்கள் பல்கலைக்கழக நூலகமும் கூகுள் ஸ்கொலரும். பழைய மலர்கள், உள்ளூர் வெளியீடுகள், தமிழில் வந்த கட்டுரைகளுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகமும் யாழ்ப்பாணப் பொது நூலகமும். பயிர்ச்செய்கைப் பரப்பு, சனத்தொகை போன்ற எண்களுக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைந்நூலும். தண்ணீர் பற்றி நீர்வளச் சபையும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் அறிக்கைகள் வெளியிட்டிருக்கின்றன. பொது நூலகத்தில் பழைய இதழ் ஒன்று இல்லை என்றால் நூலகரோடு கோபிக்காதீர்கள். 1981இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் திரும்பக் கிடைக்காதவை பல. அதனால்தான் ஒரு வசனத்துக்கு ஒரே ஒரு மூலத்தை மட்டும் நம்பித் திட்டம் போடக்கூடாது, பக்கத்திலேயே மாற்று ஒன்றையும் எழுதிவைக்கவேண்டும்.

வாசிக்கும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் எந்தப் பகுதிக்கு என்று இலக்கம் போடுங்கள். ஒரு பகுதிக்கு ஒன்றுமே வரவில்லையா? தேடிய விதத்தை மாற்றிப் பாருங்கள், அப்புறமும் வராவிட்டால் அந்த வசனத்தை மாற்றுங்கள். எந்த இலக்கத்துக்குள்ளும் அடங்காத நல்ல தகவல் திரும்பத் திரும்ப வந்தால் புதுப்பகுதி ஒன்று கேட்கிறது என்று அர்த்தம். தங்கச்சியின் தாளில் நாலாம் பகுதி இப்படித்தான் உடைந்தது. உவர் ஏறுவதற்குத் தோட்ட இறைப்பும் காரணம் என்று தெரிந்ததும், உவர் "வேறு கதை" இல்லை, விவசாயத்தின் கணக்கிலேயே பாதி சேரவேண்டியது என்றாகிவிட்டது. தற்காலிக விடையின் நடு வரியை வெட்டித் திருத்தினாள். தாள் அசிங்கமாகிவிட்டது என்று புதுத்தாளில் அழகாக எழுதப் போனவளை நான் மறித்தேன். வெட்டுக்கள் தெரியட்டும், ஏன் மாற்றினோம் என்பது எழுதும்போது வேண்டும்.

கடைசியாக ஒன்று. எழுதத் தொடங்க முதல் விரிவுரையாளரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். "சேர், இந்தத் தலைப்புக்கு என்ன எழுதலாம்?" என்று வெறுங்கையோடு போனால், "நல்லா வாசிச்சு எழுதுங்கோ" என்றுதான் அனுப்புவார்கள். தங்கச்சி போய்க் கேட்டது இது: "சேர், உவர் ஏறுறதையும் மாசு எண்டுதான் நான் எடுத்திருக்கிறன். இறைப்பால வாற உவரை விவசாயத்தின்ட கணக்கில போடுறன். அது சரிவருமா?" அவர் கதிரையை இழுத்து, இருக்கச் சொல்லி, தாளை வாங்கி, முக்கால் மணித்தியாலம் கதைத்தாராம். திரும்பி வந்தபோது தாளின் மூலையில் அவருடைய கையெழுத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் பெயரும், "வேண்டாம்" பெட்டியைச் சுற்றி ஒரு பெரிய வட்டமும் இருந்தன.